வேடத்தைச் செய்த கைக்கும் ஒரு வரி

குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் ஈ.வி.ஏ. ஃபோம் பாயை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் சதுரங்கள், நடுவில் எழுத்தோ எண்ணோ. அதில் ஒரு சதுரம் போர்வீரனின் தோள்கவசமாக மாறுவதற்கு ஒரு முழு மாலை பிடிக்கும். முதலில் தோளின் மேல் சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் காகித டேப்பை ஒட்டி, கவசத்தின் வடிவத்தைப் பேனாவால் வரைய வேண்டும். அதைக் கத்தரித்து விரித்தால் கிடைப்பதுதான் வெட்டளவு. தையற்காரர் சட்டைக்கு எடுக்கும் அளவைவிட இது சிக்கலானது. துணி வளைந்துகொடுக்கும், ஃபோம் அப்படி வளையாது.

அளவை ஃபோமின் மேல் வைத்துப் புதுப் பிளேடால் வெட்டுவார்கள். பிளேடு மழுங்கினால் ஓரம் பிய்ந்துவிடும், அதனால் நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை முனையை ஒடிப்பார்கள். இரண்டு துண்டுகள் கோணத்தில் சேரும் இடத்தில் பிளேடைச் சாய்த்துப் பிடித்து வெட்ட வேண்டும். அந்தச் சாய்வு தவறினால் மூட்டு வாய் பிளந்து நிற்கும். பிறகு ஹீட் கன்னின் சூடான காற்றைச் சீராக ஓட்டினால், மங்கலாக இருந்த ஃபோமின் மேற்பரப்பு மெல்ல மினுங்கத் தொடங்கும். துளைகள் அடைபட்டதற்கு அதுதான் அடையாளம். சூடு ஆறுவதற்குள் முழங்காலிலோ கவிழ்த்த சட்டியிலோ வைத்து அழுத்தினால் வளைவு நிலைத்துவிடும். ஒரு நொடி அதிகம் காட்டினால் ஃபோம் சுருங்கிக் கருகிவிடும்.

ஒட்டுவதற்குச் செருப்புக் கடைக்காரர் பயன்படுத்தும் மஞ்சள் பசையே போதும். இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு ஒரே அழுத்து. தவறாக ஒட்டினால் பிரிப்பது கடினம். அந்தப் பசையின் நெடி தலையைச் சுற்ற வைக்கும், அதனால் சன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் போன்ற வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் இதற்கெல்லாம் தனிப் பட்டறை ஏது? சாப்பாட்டு மேசையே பட்டறை, துணி காயப்போடும் இடமே வண்ணம் பூசும் இடம்.

இப்படிச் செய்த கவசத்தை அணிந்துகொண்டு ஒருவர் விழாவுக்குப் போகிறார். படம் எடுக்கிறார்கள். மறுநாள் அந்தப் படத்தின் கீழே என்ன இருக்கிறது? கதாபாத்திரத்தின் பெயர் இருக்கிறது, அது வந்த அனிமேயின் பெயர் இருக்கிறது, படம் எடுத்தவரின் பெயர் இருக்கிறது. அணிந்தவரின் பெயர் சில சமயம் இருக்கிறது. செய்தவர் யார் என்ற தகவல் அநேகமாக எங்கேயும் இல்லை. அணிந்தவரே செய்தாரா, அவருடைய அம்மா தைத்தாரா, நண்பர் வெட்டிக் கொடுத்தாரா, இணையத்தில் வாங்கியதா என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. இப்படிக் கதாபாத்திரங்களாக வேடமணியும் காஸ்பிளே என்றால் பொழுதுபோகாத பிள்ளைகளின் வேடிக்கை என்று பல வீடுகளில் நினைப்பதற்கு இந்த விடுபடலும் ஒரு காரணம். வேலை கண்ணில் பட்டால்தானே மதிப்பு வரும்.

இந்த விடுபடல் காஸ்பிளேயின் தொடக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1939ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. ஃபாரஸ்ட் அக்கர்மேன் என்ற இளைஞர் எதிர்கால மனிதரைப் போல உடையணிந்து அங்கே வந்தார். ‘முதல் காஸ்பிளேயர்’ என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. பின்னாளில் பத்திரிகை ஆசிரியராகவும் பெரும் சேகரிப்பாளராகவும் அவர் புகழ் பெற்றார். அந்த உடையை வடிவமைத்துத் தைத்தவர் அவருடன் வந்த மர்ட்டில் டக்ளஸ். ‘மோரோஜோ’ என்ற பெயரில் ரசிகர் இதழ்களில் எழுதியவர். எச். ஜி. வெல்ஸின் கதையை வைத்து 1936இல் வந்த ‘திங்ஸ் டு கம்’ திரைப்படத்தையும், ஃபிராங்க் பால் வரைந்த இதழ் ஓவியங்களையும் பார்த்து இரண்டு உடைகளைச் செய்தார். ஒன்றை அக்கர்மேன் அணிந்தார், இன்னொன்றைத் தாமே அணிந்தார். அடுத்த ஆண்டு சிக்காகோ மாநாட்டில் வேடப்போட்டியே நடக்கும் அளவுக்கு அந்த இரண்டு உடைகளும் வழிகாட்டின. மோரோஜோ 1964இல் இறந்தார். காஸ்பிளேயின் வரலாற்றில் அவருக்கு உரிய இடம் கிடைக்கத் தொடங்கியது மிகப் பிந்தித்தான். தைத்தவரைவிட அணிந்தவரையே நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு அன்றைக்கே அச்சாரம் போட்டாகிவிட்டது.

பினாங்குக்கு வேடம் கட்டுவது புதிதல்ல. மதராஸ் படைப்பிரிவுடன் வந்த முஸ்லிம் சிப்பாய்கள் முஹர்ரம் நாட்களில் வேடமிட்டுப் பாடி ஆடியதிலிருந்து போரியா என்னும் ஆடல்பாடல் இங்கே வேர்விட்டது என்பது பரவலான கருத்து. எச். டி. ஹாட்டன் 1897இல் ராயல் ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் எழுதிய குறிப்பு, அந்தத் தொடக்கத்தை 1845ஆம் ஆண்டுவாக்கில் வைக்கிறது. பாயையே உடையாகக் கட்டிக்கொண்டவர்களைப் பற்றியும் அது பேசுகிறது. தரையில் விரிக்கும் பாய் வேடத்துக்கு உடையாவது ஜார்ஜ்டவுனில் ஏறத்தாழ 180 ஆண்டுப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பிற்காலத்தில் கம்பத்துக்குக் கம்பம் போரியாக் குழுக்கள் தோன்றின. மாலுமிகளாக, படைவீரர்களாக, அரேபியர்களாக எல்லோரும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு, வசதியானவர்களின் வீட்டு வாசலில் இரவு நேரத்தில் பாடினார்கள். எந்தக் குழுவின் உடை எடுப்பு என்பதில் கடும் போட்டி இருந்தது. பாட்டுக் கட்டிப் பாடும் துக்காங் காராங்கின் பெயர் கம்பத்து நினைவில் நின்றது. ஒரு குழு முழுவதற்கும் முஹர்ரம் நெருங்குவதற்குள் உடை தைத்து முடித்தவரின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

பங்சாவான் நாடகத்தின் கதையும் உடைகளிலிருந்தே தொடங்குகிறது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுவின் திரைகளையும் உடைகளையும் வாங்கி, மாமாக் புஷி 1885இல் பினாங்கில் தம் குழுவைத் தொடங்கினார் என்று நாடக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. முதல் முதலீடு உடைப்பெட்டிதான். அந்தப் பெட்டிக்குள் இருந்த சரிகை அங்கிகளின் கிழிசலை யார் தைத்தார்கள், யார் புதிதாகச் செய்து சேர்த்தார்கள் என்பது பதிவாகாமல் போயிற்று.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது குலசேகரன்பட்டினம். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊர், முத்தாரம்மன் கோயிலின் தசரா வேடங்களுக்குப் பேர்போனது. மாலை போட்டு விரதமிருக்கும் பக்தர்கள் காளியாக, அரசனாக, குறவன் குறத்தியாக, போலீஸ்காரராக வேடமிட்டு ஊர் ஊராகக் காணிக்கை எடுத்துப் பத்தாம் நாள் சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் கூடுகிறார்கள். காளி வேடத்துக்கு நீண்ட நாக்கும், சடைமுடியும், உயர்ந்த கிரீடமும், முதுகில் கட்டும் கூடுதல் கைகளும் வேண்டும். வியர்வையில் நனையாமல், நடக்கும்போது சரியாமல், நாள் முழுக்கச் சுமக்கக்கூடிய எடையில் அவை இருந்தாக வேண்டும். வடதமிழகத்தின் கட்டைக்கூத்திலும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் மினுக்குத் தாளும் ஒட்டியவை. விடிய விடிய ஆடும் கூத்துக்காரருக்குக் கனமான நகை கழுத்தை வாங்கிவிடும்.

பக்தியையும் காஸ்பிளேயையும் ஒன்றென்று சொல்வது சரியல்ல. காளி வேடமிடுகிறவர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர், அனிமே வீரனாக வருகிறவர் தம் விருப்பத்துக்கு வருகிறவர். தைப்பூசத்தில் காவடி எடுப்பவரை யாரும் வேடக்காரர் என்று சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. செய்முறையில் மட்டும் இவை ஒரு குடும்பம். அலுமினியச் சட்டத்தை வளைத்து, மயில்தோகையைக் கட்டி, சுமப்பவரின் இடுப்பில் பாரம் சமமாக இறங்கும்படி காவடியை அமைக்கும் பினாங்கு இளைஞருக்கு, ஃபோம் இறக்கையை முதுகில் நிறுத்தும் பெண் படும் பாடு சொல்லாமலே புரியும். இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்றுதான். பாரம் எங்கே இறங்குகிறது, பட்டை எங்கே அறுக்கிறது, நாலு மணி நேரம் தாங்குமா.

மலேசியாவின் காஸ்பிளே இந்தக் கைத்திறனைத் தன் போக்கில் வளர்த்தெடுத்திருக்கிறது. கோலாலம்பூரில் காமிக் ஃபியஸ்டா 2002ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. பினாங்குக்கும் சொந்த அனிமே விழா உண்டு. தலைமுடியைக் காட்டாத முஸ்லிம் பெண்கள் துடோங் துணியையே மடித்து, சுருக்கி, ஊசி குத்திக் கதாபாத்திரத்தின் கூந்தலாக அமைத்துக்கொள்வதை மலேசிய விழாக்களில் பார்க்கலாம். நீல நிற முடிக்கு நீல நிறத் துணி, இரட்டைச் சடைக்கு இரண்டு பக்கமும் தொங்கும் மடிப்பு. விக் வாங்கி மாட்டுவதைவிட இது பல மடங்கு நுட்பமான வேலை. கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டே புதிய வழி கண்ட இந்தப் பெண்கள் செய்வது அசலான உடைவடிவமைப்பு, அதற்குரிய மரியாதை அவர்களுக்கு வேண்டும்.

கடையில் வாங்கிய உடையில் வருகிறவர்களை இழிவாகப் பேசுவது நியாயமில்லை. எல்லோருக்கும் நேரமும் இடமும் வாய்ப்பதில்லை. போட்டி என்று வரும்போது மட்டும் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. ஜப்பானின் நகோயாவில் 2003இல் தொடங்கிய உலகக் காஸ்பிளே உச்சி மாநாடு, மேடையேறும் உடையைப் போட்டியாளர்களே செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. கடை வளாகங்களில் நடக்கும் சிறிய போட்டிகள் பலவற்றில் கைத்தட்டலே முடிவைத் தீர்மானிக்கிறது. அங்கே பளபளக்கும் வாங்கிய உடை ஜெயித்துவிட்டுப் போகும், தையல் தெரியும் கவசம் தோற்கும். கைவேலைக்கு ஒரு தனிப் பிரிவும், உடையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த ஒரு நடுவரும் இருந்தால் இந்த அநியாயம் நீங்கும். நாற்பது ஆண்டுகள் தையல் இயந்திரம் மிதித்த ஒரு தையற்காரரை லிட்டில் இந்தியாவிலிருந்து அழைத்து உட்கார வைக்கலாம்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்த பிறகு, எது கைவேலை என்ற வாதம் சூடுபிடித்திருக்கிறது. இயந்திரம் தலைக்கவசத்தை அச்சடித்துத் தருவது உண்மைதான். ஆனால் அது அடுக்கு அடுக்கான கோடுகளோடு வரும். உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, மறுபடி தேய்த்து மழமழப்பாக்குவது கைதான். பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 டிகிரி வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் பினாங்கின் மத்தியானம் அதை உருக்குலைத்துவிடும். ஆகவே அச்சு இயந்திரத்தை ஒதுக்க வேண்டியதில்லை, எதை அச்சடித்தேன், எதைக் கையால் செய்தேன் என்று சொன்னால் போதும்.

இந்த இடத்தில்தான் புகைப்படம் இன்னொரு வேலையைச் செய்ய முடியும். செய்முறையைப் பார்த்து மதிப்பெண் போடும் போட்டிகளில், உடை உருவான படிநிலைகளைக் காட்டும் படங்களைக் கேட்கிறார்கள். வெட்டளவு, முதல் ஒட்டு, பூச்சுக்கு முந்தைய நிலை, உள்பக்கத் தையல் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கைப்பேசி இருந்தால் போதும். கருகிப்போன முதல் துண்டையும் படமெடுத்து வைக்க வேண்டும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முடிந்த உடையை மட்டும் காட்டினால், அடுத்தவருக்குக் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

முடிந்த உடையைப் படமெடுப்பதிலும் செய்தவரின் உழைப்பைக் காட்டவோ மறைக்கவோ முடியும். நேராக முகத்தில் அடிக்கும் ஃபிளாஷ், ஃபோம் கவசத்தைத் தட்டையாக்கிப் பொம்மைபோல் காட்டிவிடும். பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தில்தான் விளிம்புகள் எழும்பும். கறுப்பு வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்துத் துடைத்த பள்ளங்களும், காய்ந்த தூரிகையால் வெள்ளி தடவிய ஓரங்களும் அப்போதுதான் பழைய இரும்பாகத் தெரியும். ஜார்ஜ்டவுனின் ஐந்தடிப் பாதைகள் இதற்கென்றே கட்டியவை போலிருக்கின்றன. மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தெருவிலிருந்து வரும் மிருதுவான வெளிச்சம். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் கண்களில் உயிர் வந்துவிடும். உச்சிவெயிலில் கடற்கரையில் நிற்க வைத்துக் கண்குழியில் கருநிழல் விழ எடுக்கும் படங்களைவிட இது எவ்வளவோ மேல். கேமராவை இடுப்பளவுக்கு இறக்கினால் கவசம் கம்பீரமாகும். கைப்பேசியில் கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகித் தோள் சிறுக்கும். இரண்டடி பின்னால் போய் உருப்பெருக்கி எடுப்பது நல்லது.

டத்தோ கிராமாட் சாலையிலேயே பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் வெள்ளீயம் உருக்கும் ஆலை இருந்தது. அந்த ஆலையின் அலுவலகமாக இருந்த பிர்ச் ஹவுஸ் இன்றும் அங்கே நிற்கிறது. உலோகம் உருக்கிய இடத்தின் பழைய கட்டடத்துக்கு முன்னால் உலோகம் போல் தீட்டிய கவசத்தை நிறுத்திப் படமெடுக்க யாருக்குத்தான் ஆசை வராது. ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் உலகப் பாரம்பரிய நகரமான பிறகு பின்னணிக்குப் பஞ்சமில்லை. குலக்கோயில்களும் பள்ளிவாசல்களும் குடியிருப்பு வாசல்களும் மேடைகள் அல்ல என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு நிற்கலாம். அதேபோல வேடத்தில் இருப்பவரையும் கேட்டுவிட்டே படமெடுக்க வேண்டும், குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். துப்பாக்கி போன்ற பொருட்களோடு தெருவில் நடப்பது இங்கே ஆபத்தான விஷயம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலி ஆயுதங்களையும் விட்டுவைக்கவில்லை. அவற்றைப் பைக்குள் மூடி எடுத்துப் போய், விழா விதிகள் அனுமதித்தால் மட்டும் உள்ளே எடுப்பதே முறை.

தமிழ்ப் பிள்ளைகள் ஜப்பானியப் பாத்திரங்களுக்கே ஆசைப்படுகிறார்கள் என்று வருத்தப்படும் பெரியவர்கள் உண்டு. அந்த வருத்தத்தை வேலையாக மாற்ற வழியிருக்கிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடராகத் தொடங்கியபோது மணியம் வரைந்த ஓவியங்கள் இன்னும் கிடைக்கின்றன. நந்தினியின் கொண்டையும், வந்தியத்தேவனின் இடைக்கச்சையும், பழுவேட்டரையர்களின் கவசமும் வெட்டளவு எடுக்கக் காத்திருக்கின்றன. 2022லும் 2023லும் வந்த திரைப்படங்களில் ஏகா லக்கானி செய்த உடைகளை மணியத்தின் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளை, சோழர் காலத்துச் சிற்பங்களையும் தானாகவே தேடிப் போகும். 2024 பிப்ரவரியில் சென்னையில் காமிக் கான் முதன்முதலாக நடந்தது. தமிழ்க் கதைகளின் வேடங்களுக்கு அங்கேயும் இங்கேயும் மேடை தயாராகவே இருக்கிறது. பாட்டியின் தையல் இயந்திரத்தைப் பேத்திக்குத் திறந்துவிடுவதும், பழைய பட்டுப்புடவையின் சரிகையை அறுத்துக் கொடுப்பதும்தான் பெரியவர்கள் செய்ய வேண்டியது.

தமிழ்த் திரைப்படங்களின் பெயர்ப்பட்டியலில் ‘உடை’, ‘ஒப்பனை’ என்று தனி வரிகள் எத்தனையோ ஆண்டுகளாக வருகின்றன. நட்சத்திரத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக வந்தாலும், துணி தைத்தவருக்கு ஒரு வரி ஒதுக்கும் பண்பு அங்கே இருக்கிறது. விழாப் படங்களை வெளியிடும் நாளிதழ்களுக்கும், படம் எடுப்பவர்களுக்கும் இந்த முன்மாதிரி போதும். ‘உடை: சொந்தத் தயாரிப்பு’, ‘உடை: தாயார் தைத்தது’, ‘கவசம்: நண்பர் குழு’. சிறுவர்கள் என்றால் பெற்றோர் சம்மதித்த அளவுக்குப் பெயர் போடலாம்.

பினாங்கில் 2010இலிருந்து ஜார்ஜ்டவுன் விழா நடக்கிறது. அதில் ஓர் அறையைக் கைவேடங்களுக்கு ஒதுக்க வேண்டும். ஒரு மூலையில் போரியாக் குழுவின் சட்டை, பக்கத்தில் பங்சாவான் அரசனின் அங்கி, காவடி செய்பவர்கள் சம்மதித்தால் தோகை கட்டாத வெறும் சட்டம், அதற்கு எதிரே தரைவிரிப்பு ஃபோமில் செய்த தோள்கவசம். எல்லாவற்றையும் பின்பக்கம் தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் செய்தவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் பிளேடும் ஊசியுமாக, கேட்கிறவர்களுக்குச் செய்து காட்டத் தயாராக. ஸ்காட்லாந்து சாலையில் இருக்கும் தமிழ்ப்பள்ளி மாணவர்களை முதல் நாளே பேருந்தில் அழைத்து வரலாம்.